‘டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எரர்’ ஏன் வருகிறது? போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? எளிய விளக்கம்

ரிசல்ட் பார்க்கவோ, பில் கட்டவோ ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: ‘எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்’. நெட்டை ஆஃப் செய்து ஆன் செய்தாலும், போனையே ரீஸ்டார்ட் செய்தாலும் அதே வரிதான்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்களில் வரும் வாசகம் இது. மற்ற தளங்களில் வார்த்தை மாறலாம், அர்த்தம் ஒன்றுதான். இணையதளம் இருக்கும் சர்வரால், தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸைத் தொட முடியவில்லை.

அந்த நேரத்தில் மறுமுனையில் இருக்கும் டெக்னிக்கல் டீம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: “போர்ட் ஓபனா இருக்கா?” அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? எப்படிப் பார்ப்பது? திறந்திருந்தால் மட்டும் போதுமா? யாருக்கெல்லாம் திறந்திருக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போர்ட் என்றால் என்ன?

போர்ட் என்றதும் துறைமுகம் ஞாபகத்துக்கு வரும். நெட்வொர்க் போர்ட்டை ‘கதவு எண்’ என்று புரிந்துகொள்வது இன்னும் எளிது.

ஒரு சர்வரை அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரி என்பது அந்த அபார்ட்மென்ட்டின் முகவரி. உள்ளே பல வீடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண். அந்த எண்தான் போர்ட். ஒரு கம்ப்யூட்டரில் 65,535 வரை இப்படி எண்கள் உண்டு.

எந்தச் சேவை எந்தக் கதவில் இருக்கும் என்பதற்கு வழக்கமான எண்கள் இருக்கின்றன. நீங்கள் தினமும் பார்க்கும் பாதுகாப்பான இணையதளங்கள் 443-இல் இயங்குகின்றன. டேட்டாபேஸ்களுக்கு:

• மைஎஸ்கியூஎல் – 3306
• போஸ்ட்கிரெஸ் – 5432
• மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் – 1433
• ஆரக்கிள் – 1521
• மாங்கோடிபி – 27017
• ரெடிஸ் – 6379

இவை வழக்கமான எண்கள் மட்டுமே. நிர்வகிப்பவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். அதனால் சரிபார்க்கும் முன், நம்ம டேட்டாபேஸ் எந்த எண்ணில் இருக்கிறது என்பதை உறுதிசெய்வது அவசியம்.

எதற்காக முதலில் போர்ட்டைப் பார்க்கிறார்கள்?

ஒரு செயலி டேட்டாபேஸுடன் பேச வேண்டுமானால் நான்கு படிகளைத் தாண்ட வேண்டும்.

1. சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்ற வேண்டும்.
2. அந்த முகவரியில் உள்ள போர்ட்டை அடைய வேண்டும்.
3. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்பட வேண்டும்.
4. கேட்கும் டேட்டாபேஸ் அங்கே இருக்க வேண்டும், அதைப் பார்க்க அனுமதியும் இருக்க வேண்டும்.

எந்தப் படியில் தடுக்கினாலும் பயனருக்குத் தெரிவது ‘கனெக்ட் ஆகவில்லை’ என்பதுதான். காரணம் தெரியாமல் பாஸ்வேர்டை மாற்றுவது, சர்வரை ரீஸ்டார்ட் செய்வது என்று கை வைத்தால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். பிரச்னை நெட்வொர்க்கிலா, டேட்டாபேஸிலா என்று பிரித்துக் காட்டுவது இரண்டாவது படி. போர்ட்டைச் சோதிக்க சில விநாடிகள்தான் ஆகும்.

தட்டினால் மூன்று பதில்கள்

டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் டிசிபி என்ற முறையில் பேசுகின்றன. இதில் தரவு போகும் முன் மூன்று கட்டமாக ஒரு கைகுலுக்கல் நடக்கும். “பேசலாமா?” என்று இந்தப் பக்கம் கேட்கும். “பேசலாம், நீ தயாரா?” என்று அந்தப் பக்கம் கேட்கும். “தயார்” என்று இந்தப் பக்கம் சொன்னதும் இணைப்பு உருவாகிவிடும். போர்ட்டைச் சோதிப்பது என்றால் இந்தக் கைகுலுக்கல் நடக்கிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

இதற்குப் பொதுவாக மூன்று விதமான பதில்கள் வரும்.

முதல் பதில்: கதவு திறக்கிறது. கைகுலுக்கல் முடிந்தது, போர்ட் ஓபன். வழி சரியாக இருக்கிறது, அந்தக் கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு சேவை காத்திருக்கிறது.

இரண்டாவது பதில்: ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. தட்டியதுமே மறுப்பு வந்துவிடும். இது கெட்ட செய்தி போலத் தெரிந்தாலும் இதில் ஒரு நல்ல தகவல் இருக்கிறது. பெரும்பாலும் சர்வர் வரைக்கும் நாம் போய்விட்டோம், அந்தக் கதவில்தான் ஆள் இல்லை. டேட்டாபேஸ் நின்றுபோயிருக்கலாம், போர்ட் எண் தவறாக இருக்கலாம், அல்லது டேட்டாபேஸ் தன் சொந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் பதில் சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். லினக்ஸில் இதற்குப் பிழை எண் 111, விண்டோஸில் 10061.

மூன்றாவது பதில்: ‘டைம்டு அவுட்’. பதிலே வராது, காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்துவிடும். அபார்ட்மென்ட் கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டு, “இல்லை” என்றுகூடச் சொல்லாமல் இருப்பது போல. பெரும்பாலும் இது ஃபயர்வாலின் வேலை. சர்வர் அணைந்திருந்தாலோ, ஐபி முகவரி தவறாக இருந்தாலோகூட இப்படி ஆகும். லினக்ஸில் பிழை எண் 110, விண்டோஸில் 10060.

இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. உடனே மறுத்தால் டேட்டாபேஸ் பக்கம் பாருங்கள். பதிலே வராவிட்டால் ஃபயர்வால் பக்கம் பாருங்கள். சில ஃபயர்வால்கள் மௌனமாக இல்லாமல் மறுப்பே அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது?

தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளே போதும்.

விண்டோஸ்: பவர்ஷெல்லைத் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்ற கட்டளையுடன் சர்வர் முகவரியையும், ‘போர்ட்’ என்ற தேர்வுக்குப் பக்கத்தில் எண்ணையும் கொடுக்க வேண்டும். விடையில் ‘டிசிபி டெஸ்ட் சக்சீடட்’ என்ற வரிக்கு நேராக ‘ட்ரூ’ என்று வந்தால் போர்ட் ஓபன். ‘ஃபால்ஸ்’ என்று வந்தால் எட்டவில்லை.

லினக்ஸ், மேக்: ‘நெட்கேட்’ என்ற கருவி உண்டு. டெர்மினலில் அதன் இரண்டெழுத்துச் சுருக்கமான ‘என்சி’-யை டைப் செய்து, ‘இசட்’, ‘வி’ என்ற இரண்டு தேர்வுகளையும் சேர்த்து, சர்வர் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுக்க வேண்டும். ‘இசட்’ என்பது தரவு எதுவும் அனுப்பாமல் கதவை மட்டும் பார் என்று அர்த்தம். ‘வி’ என்பது நடந்ததை விவரமாகச் சொல் என்று அர்த்தம்.

டெல்நெட்: பழைய ஆட்கள் முதலில் சொல்வது இதைத்தான். டெல்நெட், பக்கத்தில் முகவரி, பக்கத்தில் போர்ட் எண். திரை காலியாகிக் காத்திருந்தாலோ, புரியாத எழுத்துகள் வந்தாலோ போர்ட் ஓபன். ஆனால் விண்டோஸில் விஸ்டா காலம் தொட்டு டெல்நெட் தானாக இயக்கப்பட்டிருக்காது, நாம்தான் இயக்க வேண்டும். மேக்கிலும் 2017-இல் வந்த ஹை சியரா பதிப்பிலிருந்து இது இல்லை.

டேட்டாபேஸ் இருக்கும் சர்வருக்குள்ளேயே நுழைய முடிந்தால் இன்னொரு வழியும் உண்டு. லினக்ஸில் ‘எஸ்எஸ்’, விண்டோஸில் ‘நெட்ஸ்டாட்’ ஆகிய கட்டளைகள் எந்தெந்தக் கதவில் ஆள் இருக்கிறது என்று பட்டியல் போடும். அதில் 127.0.0.1 என்ற முகவரியுடன் 3306 இருந்தால், டேட்டாபேஸ் தன் கம்ப்யூட்டருக்குள் மட்டும் பேசும். 0.0.0.0 என்று இருந்தால் வெளியிலிருந்து வரும் அழைப்புகளையும் கேட்கும். போஸ்ட்கிரெஸ் நிறுவியவுடன் தன் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே பேசும். வெளியே பேச வேண்டுமானால் நாம்தான் அமைப்பை மாற்ற வேண்டும்.

பிங் செய்து பார்த்தால் போதாதா?

போதாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

பிங் என்பது அபார்ட்மென்ட் அந்த இடத்தில் இருக்கிறதா என்று கேட்பது. குறிப்பிட்ட கதவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பிங் வேலை செய்யும், போர்ட் மூடியிருக்கும். பாதுகாப்புக்காகப் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள், போர்ட் நன்றாகத் திறந்திருக்கும். இரண்டுமே சாதாரணமாக நடப்பவை.

எங்கிருந்து தட்டுகிறோம்?

சோதனையை எந்த இடத்திலிருந்து செய்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். “என் லேப்டாப்ல ஓபன்னு காட்டுதே!” என்பது ஒரு பதிலே அல்ல. ஃபயர்வால், யார் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் வழிவிடும். லேப்டாப்புக்கு அனுமதி இருந்து, இணையதள சர்வருக்கு இல்லாமல் போகலாம். எந்த சர்வர் டேட்டாபேஸுடன் பேச வேண்டுமோ, அங்கிருந்துதான் தட்டிப் பார்க்க வேண்டும். அமேசான் போன்ற கிளவுட் சேவைகளில் ‘செக்யூரிட்டி குரூப்’ என்ற அனுமதிப் பட்டியல் இருக்கும். அதில் இடம்பெறாத முகவரியிலிருந்து தட்டினால் மௌனம்தான் பதில்.

‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு ‘இதே கம்ப்யூட்டர்’ என்று அர்த்தம். டாக்கர் கண்டெய்னருக்குள் ஓடும் செயலிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னர்தான், பக்கத்துக் கண்டெய்னரில் இருக்கும் டேட்டாபேஸ் அல்ல. லினக்ஸில் மைஎஸ்கியூஎல் கருவியிடம் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால், அது போர்ட் வழியாகவே போகாது. ‘சாக்கெட்’ என்ற உள்வழியில் போய்விடும். 127.0.0.1 என்று எண்ணில் கொடுத்தால்தான் போர்ட் வழியாகப் போகும். அதனால்தான் ஒன்று வேலை செய்யும், இன்னொன்று செய்யாது என்ற குழப்பம் வருகிறது.

போர்ட் ஓபன், ஆனாலும் கனெக்ட் ஆகவில்லையே?

கதவு திறந்தது என்றால் வீட்டுக்குள் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. அந்த வீட்டில் இருப்பவர் நாம் தேடி வந்தவர்தானா என்பதும் இன்னும் தெரியாது. இதற்குப் பிறகு வரும் பிழைகள் எல்லாம் டேட்டாபேஸே நேரடியாகச் சொல்பவை. மைஎஸ்கியூஎல்லில்:

• 1045 – பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு.
• 1130 – இந்த முகவரியிலிருந்து வர அனுமதி இல்லை.
• 1040 – ஏற்கெனவே அதிகமான இணைப்புகள் இருக்கின்றன.

இந்த எண்களில் ஒன்று வந்தால், நெட்வொர்க் ஆட்களை எழுப்ப வேண்டாம். போர்ட் சரியாக இருக்கிறது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. ஒரே நேரத்தில் கூட்டம் குவியும் தளங்களில் 1040 வர வாய்ப்பு அதிகம். மைஎஸ்கியூஎல் வழக்கமாக அனுமதிக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை 151, போஸ்ட்கிரெஸ்ஸில் 100. இவற்றைக் கூட்டிக்கொள்ள முடியும்.

டேட்டாபேஸ் உண்மையிலேயே தயாரா என்று கேட்கவும் கருவிகள் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் ‘பிஜி இஸ்ரெடி’, மைஎஸ்கியூஎல்லில் ‘மைஎஸ்கியூஎல் அட்மின் பிங்’. இவை கதவைத் தட்டுவதோடு நிற்காமல், உள்ளே இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கும்.

செயலி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

முதலில் போர்ட்டைச் சோதித்து, திறந்திருந்தால் மட்டும் இணைக்கும்படி நிரல் எழுதுபவர்கள் உண்டு. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சோதித்ததற்கும் இணைப்பதற்கும் இடையில் ஒரு நொடிதான் என்றாலும், அந்த நொடியில் டேட்டாபேஸ் நின்றுபோகலாம். சற்றுமுன் திறந்திருந்தது என்பது இப்போதும் திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

அதனால் செயலி நேரடியாகவே இணைக்க முயல வேண்டும். சில விநாடிகளில் பதில் வராவிட்டால் விட்டுவிட்டு, சிறு இடைவெளியில் மறுபடி முயல வேண்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்த இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில், பதிலே வராத ஒரு கதவின் முன் செயலி 2 நிமிடத்துக்கு மேல் காத்துக்கிடக்கும். பயனர் அதற்குள் போய்விடுவார். காத்திருக்கும் நேரத்தை நாமே குறைத்து வைக்க வேண்டும்.

டாக்கர் கம்போஸ் பயன்படுத்துபவர்களுக்கு: ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று மட்டும் எழுதினால், டேட்டாபேஸ் கண்டெய்னர் தொடங்கியதா என்று மட்டுமே அது பார்க்கும். டேட்டாபேஸ் பேசத் தயாரா என்று பார்க்காது. அதற்கு ஹெல்த்செக் எழுதி, ‘சர்வீஸ் ஹெல்த்தி’ என்ற நிபந்தனையும் சேர்க்க வேண்டும்.

கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போவதற்கும் எல்லை உண்டு. மைஎஸ்கியூஎல்லில், ஒரே முகவரியிலிருந்து பேச்சை முடிக்காமல் பாதியில் விடும் இணைப்புகள் தொடர்ந்து வந்து 100-ஐத் தாண்டினால், அந்த முகவரியையே தடுத்துவிடும். பிழை எண் 1129. போர்ட் நன்றாக இருக்கிறதா என்று அடிக்கடி சோதித்த கருவியாலேயே இணைப்பு முடங்கும் கதை இப்படித்தான் நடக்கிறது.

எல்லோருக்கும் திறந்து வைத்தால் என்ன ஆகும்?

கனெக்ட் ஆகாத அவசரத்தில் பலர் செய்யும் குறுக்குவழி, ஃபயர்வாலில் உலகத்துக்கே கதவைத் திறந்து விடுவது. “டெஸ்டிங்குக்காகத்தான், அப்புறம் மூடிடலாம்” என்று சொல்லிவிட்டு மறந்துபோவதும் உண்டு. இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

“நம்ம சர்வரை யார் தேடி வரப் போறாங்க?” என்று நினைக்க முடியாது. 2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘இசட்மேப்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். வேகமான இணைப்பு உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, உலகின் பொது ஐபிவி4 முகவரிகள் அனைத்திலும் குறிப்பிட்ட ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். திறந்து கிடக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் ‘ஷோடான்’ போன்ற தேடுபொறிகளும் இருக்கின்றன. நாம் செய்யும் அதே சோதனையைத் திருடனும் செய்கிறான், உலகம் முழுவதற்கும் சேர்த்து.

2003 ஜனவரி 25 அன்று ‘எஸ்கியூஎல் ஸ்லாமர்’ என்ற புழு பரவியது. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் 1434 என்ற போர்ட் வழியாக நுழைந்தது. அதன் மொத்த அளவே 376 பைட். இது டிசிபி அல்ல, கைகுலுக்கலே தேவைப்படாத யுடிபி முறை. ஒரு பொட்டலம் வந்து விழுந்தால் போதும். தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை இரட்டிப்பானது. 10 நிமிடங்களுக்குள், பாதிக்கப்பட வாய்ப்புள்ள சர்வர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல் சிக்கிவிட்டன. குறைந்தது 75,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. தென்கொரியாவில் இணையச் சேவை முடங்கியது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் பலவற்றில் வாடிக்கையாளர்களால் பணம் எடுக்க முடியவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 6 மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது.

அடுத்தது மாங்கோடிபி. 2017 ஜனவரியில், 27017 போர்ட்டைத் திறந்து வைத்து, பாஸ்வேர்டும் போடாமல் விட்டிருந்த பல்லாயிரக்கணக்கான டேட்டாபேஸ்கள் சில நாட்களில் துடைத்து அழிக்கப்பட்டன. உள்ளே இருந்த தகவல்களுக்குப் பதிலாக, பிட்காயின் கேட்டு ஒரு மிரட்டல் குறிப்பு மட்டும் இருந்தது. எந்தப் பூட்டையும் யாரும் உடைக்கவில்லை, பூட்டே இல்லை. தாக்கியவர்களில் பலர் தகவலை நகலெடுக்காமலேயே அழித்திருந்ததால், பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்க வழியில்லாமல் போனது. பிறகு வந்த 3.6 பதிப்பிலிருந்து, மாங்கோடிபி நிறுவியவுடன் தன் கம்ப்யூட்டருக்கு மட்டுமே பதில் சொல்லும்படி மாற்றப்பட்டது.

அப்படியானால் எப்படித் திறப்பது?

• டேட்டாபேஸ் போர்ட்டை, அதனுடன் பேச வேண்டிய சர்வர்களின் முகவரிகளுக்கு மட்டும் திறக்க வேண்டும்.
• வெளியிலிருந்து பராமரிப்பு வேலை செய்ய வேண்டியிருந்தால் விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் டனல் வழியாக வர வேண்டும்.
• போர்ட் எண்ணை மாற்றுவதை மட்டும் பாதுகாப்பாக நினைக்கக் கூடாது. எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கக் கருவிகள் உண்டு.
• நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒரு நெட்டிலிருந்து, நமது டேட்டாபேஸ் போர்ட்டை அவ்வப்போது நாமே தட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ‘ஓபன்’ என்று வந்தால் அது சந்தோஷப்படும் செய்தி அல்ல.

அடுத்தவர் சர்வரைச் சோதிக்கலாமா?

கூடாது. உங்களுடையது, அல்லது எழுத்துபூர்வ அனுமதி உள்ளது என்றால் மட்டும் சோதியுங்கள். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ அணுகுவதற்கு எதிரானது. அதையே மோசடி நோக்கத்துடன் செய்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முக்கியமான நெட்வொர்க்குகளைக் குறிவைத்துத் தட்டிப் பார்ப்பதை, 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய சம்பவங்களில் ஒன்றாக செர்ட்-இன் அமைப்பு 2022-இல் அறிவித்தது.

பயனர்கள் என்ன செய்ய வேண்டும்?

டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பிழை வந்தால் அது உங்கள் போனிலோ சிம்மிலோ உள்ள கோளாறு அல்ல. தொடர்ந்து ரீஃப்ரெஷ் செய்தால், ஏற்கெனவே திணறும் சர்வருக்குச் சுமைதான் கூடும். சில நிமிடம் விட்டுப் பாருங்கள். பணம் கட்டும்போது வந்தால், உடனே இரண்டாவது முறை கட்டிவிடாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிர்வகிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. போர்ட் திறந்திருக்கிறதா? யாருக்குத் திறந்திருக்கிறது? முதல் கேள்வியைக் கனெக்ட் ஆகாத அன்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.